வளையச் சுற்றில் புதிய பிளக் பொயின்ற் சேர்ப்பது: வயரிங் பழகுவோருக்கு

வன்னியில் வயரிங் வேலைக்குப் போகும் ஒருவரிடம் அதிகமாகக் கேட்கப்படுவது, "இந்த அறைக்குள்ளையும் ஒரு பிளக் பொயின்ற் கூட்டிப் போட்டுத் தாங்கோ தம்பி" என்பதுதான். மீள்குடியேற்றத்தின் பின் வீட்டுத்திட்டங்களில் கட்டப்பட்ட வீடுகள் பல ஏறத்தாழ 550 சதுர அடி கொண்டவை. மின்சாரம் வந்தபோது ஒரு தொலைக்காட்சிக்கும் ஒரு மின்விசிறிக்கும் போதுமென்று மூன்று அல்லது நான்கு குதைகளே (பிளக் பொயின்ற்றுகளே) வைக்கப்பட்டன. பிறகு குளிர்சாதனப் பெட்டி வந்தது, சோற்றுக் குக்கர் வந்தது, பிள்ளைகளின் கணினி வந்தது. ஒரு குதையில் செருகிய எக்ஸ்ரென்சன் வயரிலிருந்து இன்னொரு எக்ஸ்ரென்சன் வயர் போவதை இன்று எந்த வீட்டிலும் காணலாம். அதைவிடச் சுவரில் ஒழுங்காக ஒரு குதை சேர்ப்பது எவ்வளவோ பாதுகாப்பானது. ஆனால் எதையும் சேர்ப்பதற்கு முன்னர், குதைகளைச் சுற்றி மின்பெட்டிக்கே திரும்பிவரும் கம்பிச் சுற்றான வளையம் உண்மையிலேயே முழு வளையமாக இருக்கிறதா என்று அளந்து உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் அதிகம் வலியுறுத்தப் போவது இதைத்தான்.

இது வேலை பழகத் தொடங்கியவர்களுக்காக எழுதப்படுகிறது. என்.வீ.கியூ. மூன்றாம் மட்டம் முடித்த ஒருவர் அருகில் இல்லாமல் மின்பெட்டியைத் திறக்க வேண்டாம். மின்மானியும் அதற்கு முன்னுள்ள முத்திரையிட்ட பகுதியும் மின் வழங்கும் நிறுவனத்துக்குரியவை; அவற்றில் கை வைக்கவே கூடாது.

வளையச் சுற்று எப்படி வேலை செய்கிறது

மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழும் 32 அம்பியர் புறேக்கர் ஒன்று மின்பெட்டியில் இருக்கும்; அதிலிருந்து ஒரு உயிர்க்கம்பி (லைவ்) புறப்பட்டு, முதலாவது குதைக்குப் போய், அங்கிருந்து இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் போய், கடைசிக் குதையிலிருந்து அதே புறேக்கரின் அதே முனைக்கே திரும்பி வந்து சேர்கிறது. நொதுமற் கம்பியும் (நியூற்றல்) புவிக்கம்பியும் (ஏர்த்) அவ்வாறே சுற்றித் திரும்புகின்றன. எனவே எந்தக் குதையில் எதைச் செருகினாலும் அதற்கான மின்னோட்டம் இரண்டு வழிகளால் பங்கிட்டுப் போகிறது. இரண்டாம் உலகப் போரையொட்டிப் பிரித்தானியாவில் செப்புத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில் மெல்லிய கம்பியைக் கொண்டு நிறையக் குதைகளுக்கு மின் கொடுப்பதற்காக இம்முறை உருவானது. இதற்கென்றே வந்த 13 அம்பியர் சதுரமுள் செருகியின் நியமம் 1947 இல் வெளியானது. 32 அம்பியர் புறேக்கரால் ஒரு மேசை விளக்கின் மெல்லிய வயரைக் காப்பாற்ற முடியாது என்பதால்தான் அந்தச் செருகிக்குள் தனியாக ஓர் உருகி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உருகி எரிந்த பின் அதன் இடத்தில் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. அப்படி வைத்த செருகி கண்ணில் பட்டால், கேட்காவிட்டாலும் சரியான உருகியைப் போட்டுவிட்டு வாருங்கள். ஏறத்தாழ 700 வாற்றுக்கு உட்பட்ட சாதனத்துக்கு 3 அம்பியர் உருகியும் அதற்கு மேற்பட்டதற்கு 13 அம்பியர் உருகியும் போதும்.

வளையத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பி பயன்படுகிறது. கடையில் 7/0.67 என்று கேட்டாலும் அதையேதான் தருவார்கள், 0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள் என்பது அதன் பொருள். சுவருக்குள் குழாயில் செல்லும் இந்தக் கம்பி, 30 பாகை வெப்பநிலையில் ஏறத்தாழ 24 அம்பியர் தாங்கும். சோளகக் காலத்தில் 40 பாகைக்குக் கிட்டச் சூடேறும் வன்னிச் சுவருக்குள் அது 21 அம்பியருக்கு இறங்கிவிடும். இரண்டு வழிகள் இருக்கும் வரை கவலையில்லை. வளையம் ஓரிடத்தில் முறிந்துவிட்டால் ஒவ்வொரு குதைக்குமான முழு மின்னோட்டமும் ஒரே வழியால்தான் போகும். 21 அம்பியர் தாங்கும் கம்பியில் 32 அம்பியர் வரை போக அந்தப் புறேக்கர் இடம் கொடுக்கும். எல்லாக் குதைகளும் தொடர்ந்து வேலை செய்யும். வீட்டாருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

மேலே சொன்ன வீட்டுத்திட்ட வீடு ஒன்றுக்கு ஒரு வளையம் தாராளமாகப் போதும். 100 சதுர மீற்றர் வரையான தளப்பரப்புக்கு ஒரு வளையம் என்பதே வழக்கமான கணக்கு. 550 சதுர அடி என்பது ஏறத்தாழ 51 சதுர மீற்றர்தான்.

முதலில் சுற்று எதுவென்று பாருங்கள்

மின்பெட்டியின் மூடியைக் கழற்றினால், குதைகளுக்குரிய 32 அம்பியர் புறேக்கரின் கீழ்முனையில் இரண்டு உயிர்க்கம்பிகள் நுழைய வேண்டும். நொதுமற் சட்டத்திலும் புவிச் சட்டத்திலும் அதற்கு இணையாக இரண்டிரண்டு கம்பிகள் இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் உயிர்க்கம்பி சிவப்பு, நொதுமற் கம்பி கறுப்பு, புவிக்கம்பி பச்சை. புதியதில் அவை முறையே மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள். ஒரே வீட்டில் இரண்டு வகையும் கலந்திருப்பது உண்டு, ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும்.

ஒரு கம்பி மட்டும் நுழைந்தால் அது வளையம் அல்ல, கடைசிக் குதையோடு முடிந்து திரும்பி வராத ஆரைச் சுற்று. 2.5 சதுர மில்லிமீற்றர் ஆரைச் சுற்றுக்கு 20 அம்பியர் புறேக்கரே பொருந்தும். அங்கே 32 இருந்தால் புதிய குதையைப் பற்றிப் பேசுவதற்கு முன் புறேக்கரை மாற்ற வேண்டும். மின்விளக்குச் சுற்றில் தொங்கும் 5 அம்பியர் உருண்டைமுள் குதை ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே மெல்லிய கம்பியில் 13 அம்பியர் குதையைப் பொருத்தித் தரும்படி சிலர் கேட்பார்கள். அதைச் செய்யக் கூடாது. குதையைப் பார்ப்பவர் கேத்திலைச் செருகுவார், 3 கிலோவாற்று கேத்தில் 13 அம்பியர் இழுக்கும்.

மின்னை நிறுத்துதல்

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அந்த வீட்டில் ஜெனரேற்றரோ, சூரியப்படலத்துடன் இணைந்த இன்வேர்ட்டரோ இருந்தால் அவற்றையும் நிறுத்தித் துண்டியுங்கள். மெயின் சுவிச் நிறுத்தப்பட்டிருந்தாலும் மின்மானியிலிருந்து வந்து சேரும் முனைகளில் மின் இருந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சுவிச்சின் மேல் "வேலை நடக்கிறது, போட வேண்டாம்" என்று எழுதி ஒட்டி, வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாயாலும் சொல்லுங்கள். கரண்ட் நின்றுவிட்டதென்று எண்ணிச் சுவிச்சைத் தட்டிப் பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள ஒரு சிறுவராகத்தான் இருப்பார்.

ரெஸ்ரரை முதலில் மின் உள்ள வேறோர் இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள். பின்னர் வேலை செய்யப் போகும் குதையில் உயிர், நொதுமல், புவி ஆகிய மூன்று முனைகளையும் சோதியுங்கள். அதன் பின் மறுபடியும் மின் உள்ள இடத்துக்கே போய் ரெஸ்ரர் இன்னும் வேலை செய்கிறதென்பதை உறுதிசெய்யுங்கள். நியோன் ரெஸ்ரர் மட்டும் போதாது; பகல் வெளிச்சத்தில் அதன் ஒளி தெரியாமல் போகலாம், காய்ந்த செருப்புடன் காய்ந்த தரையில் நிற்கும்போது சரியாக எரியாமலும் விடலாம். இரண்டு முனைகளுக்கிடையே வோல்ற்றளவைக் காட்டும் பல்மானியையே (மல்ரிமீற்றர்) இறுதியாக நம்புங்கள்.

வளையம் முழுமையா என்று அளத்தல்

புறேக்கரிலிருந்து இரண்டு உயிர்க்கம்பிகளையும், சட்டங்களிலிருந்து அவற்றுக்குரிய இரண்டு நொதுமற் கம்பிகளையும் இரண்டு புவிக்கம்பிகளையும் கழற்றுங்கள். குதைகளில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். பல்மானியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த வயர்களின் சொந்தத் தடையைக் குறித்துக்கொண்டு, ஒவ்வோர் அளவீட்டிலிருந்தும் அதைக் கழியுங்கள். இப்போது உயிர்க்கம்பியின் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். 2.5 சதுர மில்லிமீற்றர் செப்புக்கம்பியின் தடை மீற்றருக்கு 0.0074 ஓம். எனவே 40 மீற்றர் நீளமான வளையத்தில் ஏறத்தாழ 0.3 ஓம் வர வேண்டும். நொதுமற் கம்பியும் அதே அளவைக் காட்ட வேண்டும். புவிக்கம்பி 1.5 சதுர மில்லிமீற்றராக இருந்தால் அது 0.48 ஓம் அளவில் இருக்கும். மூன்றில் எதுவாவது திறந்த சுற்றாகக் காட்டினால், அந்தக் கம்பி எங்கோ முறிந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை புதிய குதை சேர்க்கக் கூடாது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணமான வீடு விசுவமடுப் பக்கம் இருக்கிறது. முன்னறைக்கு ஒரு குதை கூட்டக் கூப்பிட்டிருந்தார்கள். "எல்லாப் பொயின்றும் நல்லா வேலை செய்யுது" என்று வீட்டு அம்மா சொன்னார், அது உண்மையும்கூட. அளந்தபோது உயிரும் புவியும் சரியாக வந்தன, நொதுமல் மட்டும் திறந்திருந்தது. ஒவ்வொரு குதையாகக் கழற்றிக்கொண்டு போனதில், படுக்கையறை அலுமாரிக்குப் பின்னால் இருந்த குதையில் கறுப்புக் கம்பி ஒன்று முனையிலிருந்து நழுவி நின்றது. அதன் செப்பு நுனி புதுக்கம்பியைப் போலப் பளபளத்தது, திருகாணி அதை ஒருநாளும் பிடித்திருக்கவில்லை. முதலில் பொருத்தியவர் கம்பியின் தோலைப் போதிய அளவு உரிக்காததால் திருகாணி பிவிசித் தோலையே அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் விளைவு படுக்கையறையில் தெரியவில்லை, குசினியில் தெரிந்தது. மின்பெட்டிக்கு அடுத்திருந்த குசினிக் குதையால்தான் முழு வீட்டின் நொதுமல் மின்னோட்டமும் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நொதுமல் முனையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் கபில நிறமாகியிருந்தது, கம்பியின் தோல் விரலால் வளைத்தபோது அப்பளம் போல் நொறுங்கியது, பெட்டிக்குள்ளிருந்து மீன் கருகிய மணம் வந்தது. அந்த மணத்தைச் சமையல் மணம் என்று பல மாதங்களாக நினைத்திருந்ததாக அந்த அம்மா சொன்னார். அன்றைக்கு அளக்காமல் முன்னறைக் குதையை மட்டும் சேர்த்துவிட்டு வந்திருந்தால், அந்த முனையின் மேல் இன்னொரு சுமையையும் ஏற்றிவிட்டு வந்திருப்பேன்.

நூறில் ஒரு ஓம் வரை காட்டும் மானி இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். ஒரு பக்க உயிர்க்கம்பியை மறுபக்க நொதுமற் கம்பியுடனும், மறுபக்க உயிர்க்கம்பியை இந்தப் பக்க நொதுமற் கம்பியுடனும் குறுக்காக இணைத்துவிட்டு, ஒவ்வொரு குதையிலும் உயிருக்கும் நொதுமலுக்கும் இடையே அளந்து பாருங்கள். வளையத்தில் நேரடியாக உள்ள குதைகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும். அது முன்னர் அளந்த உயிர், நொதுமல் தடைகளின் கூட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கு. 0.3, 0.3 என்றால் 0.15 ஓம். வளையத்திலிருந்து தனியாகப் பிரிந்து போகும் கிளையில் இருக்கும் குதை சற்றுக் கூடுதலாகக் காட்டும். குதைக்குக் குதை அளவு ஏறி இறங்கினால், பெரும்பாலும் குறுக்கு இணைப்பில் முனைகள் மாறிப்போயிருக்கும். மாற்றி இணைத்துப் பாருங்கள்.

வளையத்துக்குள்ளா, கிளையாகவா

புதிய குதையை இரண்டு விதமாகச் சேர்க்கலாம். வளையத்தை ஓரிடத்தில் அவிழ்த்து, போகும் கம்பி ஒன்றும் வரும் கம்பி ஒன்றுமாகப் புதிய குதையை வளையத்துக்குள்ளேயே கொண்டுவருவது முதலாவது. கம்பி கூடத் தேவை, சுவர் வேலையும் கூடும். ஆனாலும் நான் முடிந்த இடமெல்லாம் இதையே செய்கிறேன், ஏனெனில் பிற்காலத்தில் அங்கிருந்து மேலும் ஒரு குதை எடுக்க விரும்புபவருக்கு வழி இருக்கும். இரண்டாவது, இருக்கும் குதை ஒன்றின் பின்புறத்திலிருந்து உயிர், நொதுமல், புவி என்ற ஒரு தொகுதிக் கம்பியை மட்டும் இழுத்துக் கிளையாகக் கொடுப்பது. உருகி இல்லாத கிளை ஒன்றில் ஒரு ஒற்றைக் குதை அல்லது ஒரு இரட்டைக் குதை மட்டுமே இருக்கலாம். கிளையிலிருந்து மறுகிளை எடுக்கக் கூடாது. கிளைகளின் எண்ணிக்கை வளையத்தில் நேரடியாக உள்ள குதைகளின் எண்ணிக்கையை மீறவும் கூடாது. அதற்கு மேல் வேண்டுமானால் 13 அம்பியர் உருகிப் பெட்டி ஒன்றின் ஊடாகக் கொடுக்க வேண்டும்.

கிளை எடுக்கப் போகும் குதை வளையத்தில் இருக்கிறதா என்பதை அதன் பின்னால் உள்ள கம்பிகளை எண்ணுவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு தொகுதி மட்டும் இருந்தால் அது கிளையின் முடிவு, அங்கிருந்து எடுக்க முடியாது. மூன்று தொகுதிகள் இருந்தால் அங்கே ஏற்கெனவே ஒரு கிளை போகிறது. இரண்டு இருந்தால் அது வளையமாகவும் இருக்கலாம், யாரோ முறைகேடாகக் கிளையை நீட்டியதாகவும் இருக்கலாம். மின்பெட்டியில் வளையத்தின் முனைகளை மீண்டும் சேர்த்துவிட்டு, மெயின் சுவிச் நிறுத்தியபடியே இருக்க, இந்தக் குதையின் இரு உயிர்க்கம்பிகளையும் கழற்றி அவற்றுக்கிடையே அளந்து பாருங்கள். தொடர்ச்சி காட்டினால் அது வளையத்தில் இருக்கிறது.

கிணற்று மோட்டரை இந்த வளையத்தில் சேர்க்க வேண்டாம். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர்தான் இழுத்தாலும், தொடங்கும்போது அதன் பல மடங்கை இழுக்கும், ஈரத்தில் நிற்பதும் அதுதான். அதற்கு மின்பெட்டியிலிருந்து தனிச் சுற்று கொடுங்கள்.

சுவரும் கம்பியும்

இங்குள்ள வீடுகளில் பெரும்பாலானவை நான்கு அங்குலச் சீமெந்துக் கல்லில் கட்டியவை. நிலைக்குத்தாக வெட்டும் தவாளிப்பு சுவர்த் தடிப்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு. அதாவது 100 மில்லிமீற்றர் சுவரில் நிலைக்குத்தாக 33 மில்லிமீற்றரும் கிடையாக 16 மில்லிமீற்றரும்தான் அனுமதி. 20 மில்லிமீற்றர் குழாய் நிலைக்குத்துத் தவாளிப்புக்குள் அடங்கும், கிடைத் தவாளிப்புக்குள் அடங்காது. எனவே கம்பியைக் கூரைப் பக்கமாக மேலே கொண்டுபோய், வேண்டிய இடத்தில் நேராகக் கீழே இறக்குங்கள். சுவரை உடைக்க வீட்டுக்காரர் விரும்பாவிட்டால் மேலே ஒட்டும் கேசிங் போதும். சாய்வாக மட்டும் ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள், பின்னர் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்குக் கம்பி எங்கே போகிறதென்று தெரியாது.

உயரத்தைத் தீர்மானிக்கும்போது வெள்ளத்தை நினைவில் வைத்திருங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. தாழ்வான காணியென்றால் மூன்று அடிக்குக் கீழே குதை வைக்க வேண்டாம். குதைக்காகச் சுவருக்குள் பதிக்கும் பெட்டியான சங்க் பொக்ஸைப் பொருத்தியதும் அதன் திறந்த துளைகளையும் குழாயின் வாயையும் அடைத்துவிடுங்கள். சிற்றெறும்பும் பல்லியும் சூட்டைத் தேடி உள்ளே போய்ச் சுவிச்சின் தொடுகைகளில் நசுங்கிக் கிடப்பதைப் பழைய குதைகளைத் திறக்கும்போது காண்பீர்கள்.

இணைப்பு

கம்பியின் தோலை 10 முதல் 12 மில்லிமீற்றர் வரை உரியுங்கள். உரிக்கும்போது இழை அறுபடக் கூடாது, ஏழில் ஒன்று போனாலும் அந்த இடத்தில் கம்பியின் ஏழில் ஒரு பங்கு போய்விடும். இழைகளைக் குறட்டால் முறுக்கி, இரண்டு கம்பிகள் ஒரே முனைக்குப் போகுமிடத்தில் இரண்டையும் சேர்த்து முறுக்கி, அடிவரை நுழைத்துத் திருகுங்கள். குதையை முன்னால் நின்று பார்க்கும்போது மேலே புவி, கீழே வலப்பக்கம் உயிர், இடப்பக்கம் நொதுமல். பின்னால் திருப்பிப் பிடித்து வேலை செய்யும்போது வலமும் இடமும் மாறும், முனைகளருகே உள்ள எழுத்தைப் பார்த்தே இணையுங்கள். பெட்டி உலோகமானால் அதற்கும் புவிக்கம்பியின் ஒரு துண்டு போக வேண்டும். இறுக்கிய பின் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக இழுத்துப் பாருங்கள். தளர்ந்த முனை ஒன்றின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 10 அம்பியர் போகும்போது அந்தச் சிறிய இடத்தில் 10 வாற்று வெப்பம் பிறக்கும். எஸ்.எல்.எஸ். முத்திரையுள்ள குதையையே வாங்குங்கள்.

இருமுள் செருகியைச் செருகுவதற்காகப் புவித்துளைக்குள் பேனை மூடியையும் ஈர்க்குக் குச்சியையும் குத்தும் வழக்கத்தையும் அந்த வீட்டில் நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிக் குத்தும்போது திறந்துவிடும் உள்தடுப்பு, சிறு பிள்ளைகளின் கையைக் காப்பதற்காக வைக்கப்பட்டது.

புவியும் ட்ரிப் சுவிச்சும்

இலங்கையில் பொதுவாக ஒவ்வொரு வீட்டின் புவித்தொடுப்பும் அந்த வீட்டு வளவின் மண்ணுக்குள் அடித்த உலோகக் கோலையே நம்பியிருக்கிறது. வன்னியின் மண் மழைக்காலத்தில் ஒரு விதமாகவும் சோளகத்தில் வேறு விதமாகவும் மின்னைக் கடத்தும். முல்லைத்தீவுக் கரையோர மணலும் காய்ந்து வெடித்த மண்ணும் ஆவணி மாதத்தில் தரும் தடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். உதாரணமாக, அந்தக் கோலின் தடை 50 ஓம் என்று கொள்வோம். குளிர்சாதனப் பெட்டியின் உடலில் உயிர்க்கம்பி தொட்டால் 230 வோல்ற்றை 50 ஆல் வகுக்க வரும் 4.6 அம்பியரே புவிக்குப் போகும். 32 அம்பியர் புறேக்கர் அதை ஒரு சாதாரணச் சுமையாகவே எண்ணும். உடனடியாக விழுவதற்கு அதற்கு 100 அம்பியருக்கு மேல் வேண்டும். பெட்டியின் உடல் மின்னேறியபடியே நிற்கும், கதவைத் திறக்க வருபவர் அதைத் தொடுவார். எனவே மின் கசிந்தாலே சுற்றைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் குதை சேர்க்க நான் உடன்படுவதில்லை, முதலில் அதைப் பொருத்துவோம் என்று சொல்வேன். ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தவிர்த்து நேராக இணைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே கசியும் சாதனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தான் அதன் உள்பொறியை மட்டுமே சோதிக்கிறது. புவிக்கம்பி அறுந்திருந்தாலும் பொத்தானை அழுத்தினால் அது விழும். கோலின் தடையைப் புவித்தடைமானியால் தனியாக அளக்க வேண்டும். 200 ஓமுக்கு மேற்பட்ட அளவை நிலையானதென்று நம்ப முடியாது. இன்னொரு கோலைச் சற்றுத் தள்ளி அடித்து இரண்டையும் இணையுங்கள், குளிக்கும் தண்ணீர் ஓடும் பக்கமாக அடித்தால் மண் காயாது.

மின் கொடுப்பதற்கு முன்

வளையத்தின் மூன்று கம்பிகளையும் மீண்டும் முனைக்கு முனை அளந்து பாருங்கள். குதையை வளையத்துக்குள் சேர்த்திருந்தால் கூடிய கம்பியின் நீளத்துக்கேற்ப அளவு சற்று ஏறியிருக்க வேண்டும், கிளையாயின் மாறக் கூடாது. பின்னர் கம்பித் தோலின் காவலை அளக்கும் 500 வோல்ற்று மெகர் மானியால் உயிருக்கும் நொதுமலுக்கும், உயிருக்கும் புவிக்கும், நொதுமலுக்கும் புவிக்கும் இடையே காவற்றடையைப் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ தோல் கிழிந்திருக்கிறது அல்லது ஈரம் புகுந்திருக்கிறது. இவை சரியான பின்பே கம்பிகளைப் புறேக்கரிலும் சட்டங்களிலும் இறுக்கி, மூடியைப் பூட்டி, மெயின் சுவிச்சைப் போடுங்கள். புதிய குதையில் உயிருக்கும் நொதுமலுக்கும் இடையிலும், உயிருக்கும் புவிக்கும் இடையிலும் 230 வோல்ற்றளவு வர வேண்டும், நொதுமலுக்கும் புவிக்கும் இடையே ஏறத்தாழப் பூச்சியம் வர வேண்டும். ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அழுத்தி விழுத்திப் பாருங்கள். துணி அழுத்தும் ஒரு மின்னழுத்தியை அரை மணித்தியாலம் செருகி வைத்து, பின்னர் குதையின் முகத்தைக் கையால் தொட்டுச் சூடேறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, மின்பெட்டியின் மூடியின் உட்புறத்தில் ஒரு கடதாசியை ஒட்டி, திகதியையும், புதிய குதை எங்கே சேர்க்கப்பட்டது, அது வளையத்திலா கிளையிலா என்பதையும், உயிர், நொதுமல், புவி ஆகியவற்றின் மூன்று அளவுகளையும் அழியாத மையால் எழுதிவிட்டு வாருங்கள். அடுத்த முறை அந்த மூடியைத் திறப்பவர் தான் அளப்பதை அந்த எண்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.